பித்தளைக் கோதுகள்

ஊரில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு வேட்டைத் துப்பாக்கி. வெடிமருந்தும் ஈயமும் இருந்தன. அதற்குப் பொருந்தும் ரவைக் கோதை, தோட்டாவின் அந்தப் பித்தளைக் கூட்டைத்தான், இப்போது எங்கும் யாரும் செய்வதில்லை. அதனால் ஆற்றங்கரையில் காவல் நின்ற நிரஞ்சலா, படையினர் சுட்டுவிட்டுப் போன வேறு அளவுக் கோதுகளைப் பொறுக்கி, ஒரு பால்மா டின்னில் அமிர்தநாதனிடம் கொண்டுவந்தாள். தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர் அவர். கோதின் கழுத்தைத் தீயில் இளக்கி, தானே கடைந்த இரும்பு அச்சுக்குள் அழுத்தி ஒடுக்கப் பார்த்தார். முதலாவது பிளந்தது. அடுத்த மூன்றும் கசங்கின. ஐந்தாவது துப்பாக்கிக்குள் சிக்காமல் போய்ச் சரியாகப் பொருந்தி இருந்தது.

"பொருந்தீட்டுது பிள்ளை! நல்ல பித்தளை. எங்க பொறுக்கினனீ?"

"பள்ளிக்கூடக் கிணத்தடியில, அண்ணை. செபமலர் அக்கா கிடந்த இடத்தில."

செபமலர் அவருடைய தங்கை. அக்கரைக்குத் தப்பிப் போய்விட்டாள் என்றுதான் மூன்று நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

குறட்டில் பிடித்திருந்த ஆறாவது கோது தீயில் செக்கச் சிவந்தது.

"அண்ணை, சூடு கூடுது. பழுதாப் போகும்."

அவர் அதைத் தண்ணீருக்குள் போட்டார். பிறகு டின்னைத் தரையில் கவிழ்த்து, கோதுகளை விரலால் மெல்லப் பிரித்தார்.

"இதில எது பிள்ளை அவளைச் சுட்டது?"

ஆற்றுப் பக்கம் மறுபடியும் வெடிச்சத்தம் தொடங்கியது. அவர் கையில் அகப்பட்ட ஒன்றை எடுத்துத் தீயில் பிடித்தார்.