மூன்றாவது ரப்பர்

“இதுவும் போலி!” என்று கத்தியபடி வைப்பர் ரப்பரை மச்சானின் மேசை மேல் வீசினார் ஃபெயில் சார். அது ஸ்பானர்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதவியில் இருந்தவரை, வண்டியை ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தினாலும் ஃபெயில், கண்ணாடியில் தூசி இருந்தாலும் ஃபெயில். ஊர் வைத்த பெயர் ஓய்வுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் பெருமை வேறு.

இப்போது அவரிடம் அகப்பட்டிருப்பவன் மனைவியின் தம்பி. கார் பட்டறை வைத்திருக்கிறான், போதாததற்குச் சொந்தக்காரன், ஆகவே தப்ப வழியில்லை. மாமாவின் பழைய காருக்கு இந்த மழைக்காலத்தில் மட்டும் இரண்டு ஜோடி ரப்பர் மாட்டிவிட்டான். இரண்டும் மாமாவுக்கு மங்கல்.

“புது ரப்பர்தான் மாமா. தண்ணிய வழிச்சு எடுக்குது பாருங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா? எதிர்ல வர்ற லைட்டச் சுத்தி முடி மொளச்ச மாதிரி தெரியுது. அக்கா புருஷன்தானேன்னு மட்டமான சரக்க என் தலையில கட்டுற.”

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி குறுக்கிட்டாள். “நாளைக்குப் பொண்ணையும் பச்சைக் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும். மழை விடுற மாதிரி தெரியல. பார்வைக்குத் தெளிவா இல்லேன்னா நீங்க ஓட்ட வேணாங்க. தம்பி வண்டியில போயிடலாம்.”

சாருக்குச் சுருக்கென்றது. பேத்தி பிறந்த அன்றே பின் சீட்டுக்குப் புது உறை தைக்கக் கொடுத்தவர் அவர். அவள் முதன்முதலில் வீட்டுக்கு வருவது மச்சானின் வண்டியிலா?

“இவன் வண்டியிலயா? இவன ரெண்டு தடவ ஃபெயில் பண்ணவனே நான்தான்!”

“மூணு தடவ மாமா” என்று திருத்தினான் மச்சான்.

“இன்னைக்கு நானே மாட்டுறேன். இதுக்கப்புறமும் மங்கலாத் தெரிஞ்சா சாவிய உங்கக்கா கையில கொடுத்துடறேன், போதுமா?” பையிலிருந்து மூன்றாவது ஜோடியை எடுத்தார். மச்சான் மேல் இருந்த நம்பிக்கையில், அதை வேறு கடையில் வாங்கியிருந்தார்.

வைப்பர்களைத் தண்டோடு கழற்றிக்கொண்டு உள்ளே இருந்த மேசைக்குப் போனார். பழைய ரப்பரின் இரு பக்கமும் செருகியிருந்த மெல்லிய எஃகுத் தகடுகளை உருவினார். புது ரப்பரின் பள்ளத்தை விரல் நுனியால் தேடிப் பிடித்து, தகடுகளைச் செருகி, கொக்கிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்தார்.

“பாத்தியா? கண்ண மூடிக்கிட்டே மாட்டுவேன்” என்று பீற்றிக்கொண்டார்.

“மாமா, முன் கண்ணாடியச் சுத்தி இருக்கிற பீடிங் ரப்பரும் வெடிச்சிருக்கு. தண்ணி உள்ள இறங்கும். கையோட அதையும் மாத்திடட்டுமா?” என்று வெளியிலிருந்து கேட்டான் மச்சான்.

“என்ன வேணா பண்ணித் தொலை. ஆனா எண்ணெய்க் கையோட கண்ணாடியத் தொடாத!”

இரண்டாவது வைப்பர் முரண்டு பிடித்தது. நடுவில் ஒரு கொக்கி விட்டுப் போயிருந்ததால் எல்லாவற்றையும் உருவி முதலிலிருந்து மாட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் மச்சானைத்தான் திட்டினார்.

ஒரு வழியாக இரண்டு வைப்பர்களையும் தூக்கிக்கொண்டு வந்து, கூரைக்குக் கீழே நின்ற காரில் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்தான். கையை உயர்த்தி அடக்கினார்.

“சோதனை நடக்கும்போது பேசக் கூடாது. மொதல்ல வைப்பர் மாட்டாமப் பாக்குறேன். இப்ப தெளிவா இருந்து அப்புறம் மங்குனா, அது ரப்பரோட தப்பு. இப்பவே மங்கலா இருந்தா கண்ணாடியில எண்ணெய். அது உன் தப்பு.”

எப்படிப் பார்த்தாலும் தன் தப்பில்லை என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். அந்தக் காலத்தில் உரிமம் கேட்டு வந்தவர்களுக்கும் இப்படித்தான் நடந்தது.

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். மழைக்காற்று முகத்தில் சிலுசிலுவென்று அடித்தது. கதவுக் கண்ணாடியைக்கூட ஏற்றி வைக்காத சோம்பேறி என்று மனதுக்குள் மச்சானுக்கு இன்னொரு அர்ச்சனை நடந்தது.

மேகமூட்டத்துக்காக ஏற்றி வைத்திருந்த எதிர்க் கடை விளக்கு முடி முளைத்துத்தான் நின்றது. கடையின் பெயர்ப் பலகை பஞ்சு மூட்டை போலத் தெரிந்தது.

“பாத்தியா! வைப்பரே இல்ல, அப்பவும் மங்கல். உண்மையச் சொல்லு, முன் கண்ணாடியத் தொட்டியா இல்லையா?”

“தொட்டேன் மாமா.”

“அதான பாத்தேன்! முழுக்க எண்ணெய்ப் படலம். இது கூடத் தெரியாம உனக்கெல்லாம் எதுக்குடா பட்டறை? ஃபெயில்!”

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. இந்த மழைக்காலம் முழுக்க அவர் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் அவள்தான்.

மெல்ல எழுந்து காருக்கு முன்னால் வந்து நின்றாள். சாவிக்காக அவருக்கு நேராகக் கையை நீட்டினாள்.

“முன் கண்ணாடி அந்தச் சுவத்துல சாஞ்சு நிக்குதுங்க.”