பைக்குள் ஃபியூஸ் கட்டை

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்ந்ததிலிருந்து, சுவருக்குள் ஓடும் வயர்கள்கூடப் பொன்சீலியின் கண்ணில் பட ஆரம்பித்தன. வகுப்பில் உட்கார்ந்தால் கிரைண்டரின் உரிந்த வயரும் அம்மாவின் ஈரக்கையும் வந்து நின்றுகொள்ளும், பாடம் ஓடாது. வீட்டின் பழைய வயர்களை மாற்றித் தரச் சொன்னால் வீட்டு ஓனர், “இருவது வருசமா யாரு செத்தா?” என்பார். கம்பியில் கை வைக்கிறவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவரை நம்பக் கூடாது என்று ஆய்வகத்தில் ஆசிரியர் சொன்ன அன்று அவளுக்கு வழி கிடைத்தது. மறுநாளிலிருந்து மெயின் போர்டின் கட்டையைப் பிடுங்கிக் கல்லூரிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் வந்துதான் மாட்டுவாள். பஸ்ஸிலும் வகுப்பிலும் அடிக்கடி பைக்குள் கைவிட்டு அதைத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டால்தான் மூச்சு சீராகும்.

“ஏட்டி, நீ கரண்டு படிக்கப் போயி வீட்ல கரண்டு இல்லாமப் போச்சே,” என்று அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே புலம்புவாள்.

அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. பொன்சீலியின் கை தானாகப் பைக்குள் போனது. கட்டை அங்கேயேதான் இருந்தது.

“வயர்மேன் வந்தாராம்மா?”

“ஒருத்தரும் வரல. நானே ஒரு கம்பிய வளைச்சு, கட்டைய மாட்டுற ரெண்டு ஓட்டையிலயும் சொருகிட்டேன். இதுக்கா ஏட்டி நீ மூணு வருசம் படிக்க?”

சிரித்தபடி அம்மா மாவைத் தள்ளிவிடக் கிரைண்டருக்குள் கையை விட்டாள். பொன்சீலி, கழற்றிய ரப்பர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் கால் வைத்தாள்.