வண்டி நகர்ந்தால் கல்யாணம்

"டீயெல்லாம் அப்புறம் தங்கச்சி. முதல்ல எஞ்சின் உள்ள போகட்டும்," என்றார் பட்டறைக்காரர்.

தங்கச்சி என்று அவர் அழைத்தது மாப்பிள்ளைப் பையனின் அம்மாவை. சம்பந்தம் இன்னும் பேசி முடியவில்லை. அதற்குள் முறை மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

பட்டறை நடுவில் அந்தப் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் முன்மூடி இல்லாமல் நின்றது. பக்கத்துப் பலகையில் எஞ்சின், தரையில் கியர்பாக்ஸ். இந்தக் குடும்பத்தில் பெண் கேட்டு வருகிறவன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, காருக்குள் இறக்கி, பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று வர வேண்டும். பட்டறைக்காரரும் அப்படித்தான் தன் மாமனாருக்கு மருமகன் ஆனார்.

"வண்டி நகர்ந்தா கல்யாணம். நகரலைன்னா கை குலுக்கிட்டுப் போயிடலாம், மனஸ்தாபம் கிடையாது. ஆளு பொய் சொல்லுவான், எஞ்சின் சொல்லாது. போன தடவை வந்தவர் ரேடியேட்டரைக் காட்டி, இதுதானே எஞ்சின்னு கேட்டார்."

"என் பையன் அப்படியில்ல அண்ணே. சொந்தமா பட்டறை வச்சிருக்கான். தூக்கத்துல எழுப்பி விட்டாலும் மாட்டிடுவான்."

பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கை படுகிற இடமெல்லாம் வேலை சுத்தமாக இருந்தது. ஒரு போல்ட்டைக்கூடத் தேடவில்லை.

பட்டறைக்காரரின் மகள் அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"எனக்குக் கல்யாணம் வேணாம்ப்பா. இந்தப் பட்டறையை நான் பார்த்துக்கறேன்."

"ஆளுகிட்ட ஒரு குறை சொல்லு, விட்டுடறேன்."

குறை சொல்ல எதுவும் இல்லை. அதுதான் தொல்லை. கல்யாணம் ஆனால் அவன் ஊர், அவன் பட்டறை. அங்கே அவள் கையில் யார் ஸ்பேனர் கொடுக்கப் போகிறார்கள்? அப்பா சொன்னால் சொன்னதுதான். அவரை வாய் பேசி ஜெயிக்க முடியாது. வண்டி நகராமல் நின்றால்தான் உண்டு.

மதியம் அவன் நிமிர்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டான். "கிளட்சை மாட்டியாச்சு சார். சாப்பிட்டு வந்து கியர்பாக்ஸைச் சேர்த்துக்கலாம்."

"சாரென்ன சாரு? மாமான்னு கூப்பிடுங்க மாப்பிள்ளை. வாய் பழகட்டும்."

அவன் அசட்டுத்தனமாகச் சிரித்தான். எல்லோரும் வீட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

"நீங்க போங்க, கை கழுவிட்டு வரேன்," என்று மகள் பின்தங்கினாள்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும் வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். அதைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் எஞ்சின் ஓடும், கியர் மட்டும் விழாது, கரகரவென்று கத்தும். யார் எவ்வளவு கெஞ்சினாலும் வண்டி ஓர் அடி நகராது.

கிளட்ச் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினாள். கண் வாசலிலேயே இருந்தது. கைப்பழக்கத்தில் தகட்டை உருவி, திருப்பிப் போட்டு, பழையபடி முடுக்கினாள். அப்பாவை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் முடுக்கினாள்.

சாப்பாடு ஆனதும் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்தது. பட்டறைக்காரர் கூரையில் தொங்கிய செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்தார். இரண்டும் ஒன்றாக மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் ஆடின.

"யானை நுழைஞ்சிடும், வாலுதான் மாட்டும். கியர்பாக்ஸ் வாலைப் பாரு பாப்பா."

மகள் வாலைப் பிடித்து வளைத்துவிட்டாள். பையன் பக்கவாட்டில் தள்ளிக்கொடுத்தான். ஓர் இடத்திலும் உரசாமல் எல்லாம் போய் உட்கார்ந்தது.

"ரெண்டு பேருக்கும் கை எப்படி ஒத்துப்போகுது பாருங்க அண்ணே," என்று பையனின் அம்மா பூரித்தாள்.

இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி இருந்தார்கள்.

சாயங்காலம் அவன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. அதில் அவளுக்குக் கவலை இல்லை. கரகர சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அவன் கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினான். சத்தமே இல்லாமல் விழுந்தது. கார் நகர்ந்தது.

"நாள் பார்த்துடலாம் அண்ணே."

"பார்த்தாச்சுன்னே வச்சுக்கோ தங்கச்சி," என்று பின்னால் இரண்டு குரல்கள் குதூகலித்தன.

விழவே கூடாத கியர் எப்படி விழுந்தது என்று மகளுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஜெயித்தவன் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் சிலபேருக்கு அப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

தெருமுனை திரும்பியதும் அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லைங்க. அம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்லாம, காலையிலயே அந்த கிளட்ச் பிளேட்டைத் தலைகீழாத்தான் மாட்டினேன். இது எப்படிங்க ஓடுது?"