பாராசூட்டில் ஓர் ஓட்டை

"காத்து பலமா அடிக்குதும்மா. பாராசூட்டுக்கு நடுவுல ஒரு ஓட்டை வெட்டிடு. அப்பத்தான் நேரா கீழ இறங்கும். இல்லன்னா காத்து தூக்கிட்டுப் போயிடும்" என்றார் பெரியவர், மாதிரி ராக்கெட்டின் இறக்கையைத் துடைத்தபடி.

"சரிப்பா" என்றாள் மகள். கத்தரிக்கோலும் அவள் கையில்தான் இருந்தது.

மாப்பிள்ளை மைதானத்தின் நடுவே ராக்கெட் ஏறுவதற்கான கம்பியை நட்டு, நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதிரி ராக்கெட் விடும் கிளப்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பார்க்க வேண்டிய பொருள்தான். நிஜ ராக்கெட்டை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, வரைபடத்தில் இருந்த ஒரு கோட்டைக்கூட விடாமல் செய்திருந்தார் பெரியவர். உடம்புக்கு அட்டைக் குழாய், மூக்குக்கு மரம், பக்கவாட்டில் ஓடும் சின்னச் சின்னக் குழாய்களுக்கு நூல்.

"சார், இதுல நாமளே ஏறிப் போகலாம் போலிருக்கே!" என்றார் கிளப்பில் இருந்த பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்தவர் பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் வாசலை விட்டு நகர மாட்டார். மகள் மடித்து நீட்டிய பாராசூட்டையும் வாங்கி, பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்து, குழாய்க்குள் தள்ளி, மூக்கை மாட்டினார்.

"மூணு... ரெண்டு... ஒண்ணு!"

பொத்தானை அழுத்தியதும் சீறிக்கொண்டு கிளம்பியது. அண்ணாந்தவர்கள் வாயை மூடவில்லை. உச்சிக்குப் போனதும் 'டப்'பென்று மூக்கு கழன்று, சிவப்புப் பாராசூட் விரிந்தது. ஒரே கைதட்டல்.

ஆனால் இறங்க வேண்டியது இறங்கவில்லை. சாவகாசமாக மைதானத்தைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது, கடைசியில் ஏரியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. அட்டை ஊறினால் அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் தெரியவில்லை.

கைதட்டியவர்கள், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பாதி தூரம் ஓடிப்போன மாப்பிள்ளை, மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"ஓட்டை போட்டியா, இல்லையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்கிட்ட சொன்னது ஒரே ஒரு வேலை. அதைக்கூட உருப்படியா செய்யத் தெரியாதா? மாசக்கணக்கா உக்காந்து செஞ்சிருக்காரு மனுஷன்! இப்படியா தண்ணில போடுவே?" அத்தனை பேர் எதிரிலும் கத்திவிட்டான்.

"விடுங்க மாப்பிள்ளை. போனது போகட்டும்" என்றார் பெரியவர். கம்பியைப் பிடுங்கித் துடைத்து, உறையில் போட்டுக்கொண்டார்.

 வீட்டுக்கு வந்ததும் பெரியவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு இன்னும் ஆறவில்லை. சமையலறைக்கு வந்தான்.

"மாமாகூட பிரிச்சுப் பார்த்தாரு. பாவம், அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு போல. உனக்கு என்ன வந்துச்சு? அப்படி என்ன மறதி?"

"மறக்கல."

"என்னது?"

"வேணும்னுதான் போடல."

குடிக்க எடுத்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டான்.

"அம்மா போனப்புறம் அப்பா எப்படி இருந்தாருன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? செவுத்தப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு, படுங்கன்னா படுப்பாரு. நீங்க அந்த ராக்கெட் பிளானக் கொண்டாந்து குடுத்தப்புறம்தான் அவரா வாயத் திறந்து பசிக்குதுன்னு கேட்டாரு. பசை காயலன்னு என்னைத் திட்டுனாரு. திட்டு வாங்கிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

"அதுக்கு..."

"போன வாரம் பெயிண்ட் அடிச்சு முடிச்சாரு. மறுநாளே சாமானெல்லாம் பெட்டில போட்டு மூடிட்டு, திரும்பவும் செவுத்தப் பார்த்து உக்காந்துட்டாரு. 'இன்னொண்ணு செய்யுங்களேன்ப்பா'ன்னேன். 'அதான் ஒண்ணு இருக்கே, எதுக்கும்மா'ன்னுட்டாரு. அந்த ஒண்ணு இல்லாமப் போனாத்தானே..."

அவனுக்கு மைதானத்தில் கத்திய கத்தலை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். மகளே கெடுத்துட்டான்னு தெரிஞ்சா அப்பா தாங்குவாரா? அவருக்கு மட்டும் தெரியவே கூடாது."

அறைக்கதவு திறந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரியவரின் ஒரு கையில் வரைபடம், மறு கையில் புது அட்டைக் குழாய். வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளரை எடுத்து வைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த ஸ்கேல எடுங்க. போன தடவ இறக்கை ஒட்டுனதுல எனக்கே திருப்தி இல்ல."

மாப்பிள்ளை ஸ்கேலைத் தேடி ஓடினான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையருகே வந்து நின்றாள்.

"இந்தத் தடவ பாராசூட்ட வேற யாராவது மடிக்கட்டும்ப்பா. நான் தொடவே மாட்டேன்."

பெரியவர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லம்மா, நீயே மடி. ஓட்டை வேண்டாம்னு உனக்குத் தோணுச்சுன்னா போடாதே. போன தடவ மாதிரியே, நானும் பிரிச்சுப் பார்த்துட்டு, பேசாம மடிச்சு உள்ள வெச்சிடறேன்."