வாழ்ந்து பார்த்த கல்லூரிகள்

இப்போதெல்லாம் சேர்வதற்கு முன்பே ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் வாழ்ந்து பார்த்துவிடலாம். அதற்கு ஒரு மதியம் அந்த எந்திரத்துக்குள் படுத்திருந்தால் போதும்; நடக்கப்போவது அப்படியே நடந்து காட்டும். சுடர்க்கொடி மூன்று மதியம் போய் வந்திருந்தாள்.

தோசை வார்த்துக்கொண்டே அம்மா மரகதம் கேட்டாள், "எதுடி நல்லாருக்கு?"

"சென்னையில ஃபிரெண்ட்ஸ் நிறைய. டெல்லியில எப்பப் பாத்தாலும் போராட்டம். இங்கிலாந்துல சின்னச் சின்னக் காலேஜாப் பிரிச்சிருக்காங்க. கறுப்பு அங்கி போட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

"அப்ப இங்கிலாந்துதான்!"

"இல்லம்மா. விருதுநகர்லயே சேந்துக்கிறேன். தினமும் வீட்டுக்கு வந்துரலாம்."

மரகதத்துக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட நாளிலிருந்தே வெளிநாடு வெளிநாடு என்று உயிரை வாங்கியவள் இவள்.

"அங்க யாரும் எதுவும் பண்ணிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல." சுடர்க்கொடி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு இடத்துலயும் ரெண்டாம் வருஷம் அப்பா போன் பண்ணி அழுதாரு. மூணு தடவையும் நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

"யாருக்குடி?"

சுடர்க்கொடி எழுந்து வந்து அம்மாவைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

மரகதம் அடுப்பை அணைத்தாள். "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டாள்.