கீழாநெல்லி வாசம்

செங்குட்டுவனின் ஈரலில் கீழாநெல்லியை விதைத்து ஆறு வருடமாகிறது. எவ்வளவு குடித்தாலும் அது விஷத்தை உறிஞ்சிக்கொள்ளும். குடித்துவிட்டு வரும் நாட்களில் சாராய நெடிக்குப் பதிலாக, நனைந்த இலையின் வாசம் அவன் மேல் வீசும். ஈரல் பச்சைக்குழந்தையுடையது போலிருக்கிறதென்று டாக்டர் மெச்சினார். குடியை நிறுத்தச் சொல்லவில்லை.

அவன் வெளியூர் போயிருந்த ஒரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டது. பால்கனித் தொட்டிகளில் தானாக முளைத்திருந்த கீழாநெல்லி நனைந்து, அதன் வாசம் கனவுபோல வீட்டுக்குள் மிதந்து வந்தது. அவன் மனைவி பூங்கோதை கண்மூடி மூச்சை இழுத்தாள். மழையைக் காட்டலாமென்று மகளைத் தேடினாள்.

ஐந்து வயது யாழி கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தாள்.

“சத்தம் போடாதம்மா,” என்று கிசுகிசுத்தாள். “அப்பா வந்துட்டாரு.”