மூணு மணி நிழல்

சூடத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, பைபிளில் கை வைக்கச் சொன்னாலும் சரி, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. புளியமரத்தை வெட்டி ஒரு வருஷம் முடிந்தும், அதன் நிழல் மட்டும் ரொனால்டின் வீட்டை விட்டுப் போகவில்லை.

கொடைரோட்டுக்குப் பக்கத்தில், சாலையோரமாகப் புத்தம் புது வீடு. மாடியில் சோலார், வாசலில் ‘விற்பனைக்கு’ என்று போர்டு. ஆனால் தினமும் மதியம் மூணு மணி ஆனால் போதும், கிளையும் இலையுமாக ஒரு நிழல் ஊர்ந்து வந்து சோலார் தகடுகளின் மேல் படுத்துக்கொள்ளும். ஓடுகிற ஃபேன் நின்றுபோகும். வந்த பார்ட்டிகள் எல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

சோலார்க்காரர், “மரம் இருந்தா கரண்டு வராது” என்று சொன்னபோதே மனைவி மரியசெல்வி தடுத்தாள். “அதுல கை வைக்காதீங்க. ஊரே பயப்படுது.”

“நாம வேதக்காரங்க. நமக்கென்னடி பேயும் பிசாசும்?”

கூலிக்கு ஒருத்தரும் வராததால், ரொனால்டே அரிவாளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறினார். அன்றோடு மரியசெல்வி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டை நல்லபடியாக விற்றுக் காட்டினால்தான் அவள் வாய் திறப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான், அன்றைக்கு மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றதும் விழுந்தடித்து ஓடினார். காலித் தக்காளிக் கூடைகளோடு சேவுகம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவும், அவர் சம்சாரம் தமிழ்மதியும்.

“வாங்கண்ணே, வாங்கக்கா! வெயில்ல நிக்காதீக, போர்ட்டிகோவுக்கு வாங்க!”

மரம் நின்ற இடத்தில்தான் அந்தப் போர்ட்டிகோ. சின்னக்கண்ணு வண்டியை நிறுத்திவிட்டுத் துண்டை விரித்து உட்கார்ந்தார். “ஆத்தாடி, என்னா குளுமை!”

“ஏசியே வேணாம்ணே. சுவரு வெக்கையை உள்ள விடாது.”

தமிழ்மதி அண்ணாந்து பார்த்தாள். “எம்புட்டு உசரம்!”

“பதினோரு அடிக்கா. அதுக்கு மேல சோலாரு. கரண்டு பில்லுன்னு ஒரு காகிதமே வராது.”

“இங்கனயே இருந்துரலாம் போலருக்கு” என்றார் சின்னக்கண்ணு. ரொனால்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா மணி மூணாக வேண்டும்? நிழல் சுவரேறியது. ஃபேன் முனகிக்கொண்டே நின்றது.

“அது ஒண்ணுமில்லண்ணே, மேகம்!”

சின்னக்கண்ணு அசையவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நிதானமாக வடையைக் கடித்தார். இப்படி ஒரு பார்ட்டிக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம் என்று ரொனால்டு சாவிக்கொத்தை நீட்டினார்.

தமிழ்மதிக்குச் சட்டென்று புல்லரித்தது. “ஏங்க, எந்திரிங்க. பின்னங்கழுத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு.”

“உனக்கு வேற வேலை இல்ல புள்ள. வடை ஆறிப்போகுது, தின்னு.”

“அந்த வடையையும் நீங்களே தின்னுங்க. நான் போறேன்.”

“அக்கா, போயிராதீக! நீங்க வாங்குனாத்தான் எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசுவா!”

யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் வண்டியைத் திருப்பும்போது, எதிரே மரியசெல்வியே வந்துகொண்டிருந்தாள். “செல்வி!” என்று ரொனால்டு ஓடினார். அவள் அவரைத் தாண்டி நேரே போர்ட்டிகோவுக்குப் போனாள். மண்டியிட்டு மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினாள்.

“யாரு இது?” என்றார் சின்னக்கண்ணு, குரலைத் தாழ்த்தி.

“வெட்டப்போறேன்னு மேல ஏறி, மொத வெட்டுக்கு முன்னாடியே விழுந்து செத்தாரே, அவரு சம்சாரம். தெனம் மூணு மணிக்கு இந்த மரத்தடிக்கு வரும்” என்றாள் தமிழ்மதி.

அந்த வீட்டுக்கு இன்றுவரை அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை.